மனசு மேடையில், உடம்பு வீட்டில்

வீட்டில் இருந்துகொண்டே வெளியில் வாழும் அப்பாக்கள் உண்டு. அவர்களைப் பார்த்து வீடு சிரிக்கும். அதில் கொஞ்சம் கோபமும் நிறையப் பிரியமும் கலந்திருக்கும். 'சபாபதி' படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்கிறது.

ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் சேர்ந்து இயக்கிய படம். முதலாளி பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. முழிக்கிற முழியிலேயே சிரிக்க வைப்பார் முதலாளியாக வரும் டி.ஆர். ராமச்சந்திரன். வேலைக்காரனான காளி என். ரத்னமோ சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் செய்து காரியத்தைக் கெடுப்பார். அசட்டுத்தனத்தில் மேல் கீழ் கிடையாது என்று படம் முழுக்கச் சொல்கிறார்கள். படம் வந்தது 1941 டிசம்பரில். ஜப்பான் இரண்டாம் உலகப் போரில் குதித்த மாதம். அடுத்த ஏப்ரலில், குண்டு விழும் என்று பயந்து சென்னை ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் இப்படியொரு சிரிப்பு கிடைத்தது சாதாரண உதவியா?

அந்தச் சிரிப்புக்கு மூலம் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். 1891இல் நண்பர்களோடு சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர் அவர். வக்கீலாக இருந்தார், நீதிபதியும் ஆனார், சபையை விடவில்லை. நடிகர்களைக் 'கூத்தாடி' என்று ஏசிய காலத்தில், படித்து உத்தியோகம் பார்த்தவர்களை அரிதாரம் பூச வைத்தார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார்.

எங்கள் ஊர் முசரவாக்கத்தில் அப்பாவுக்குச் சபை கிடையாது. பாரதக் கூத்து இருந்தது. திரௌபதி அம்மன் திருவிழா நெருங்கினால் போதும், குழித்தறியில் உட்கார்ந்தபடியே காணாமல் போய்விடுவார். கரையைத் தனி நாடாவால் நெய்யும் கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். கரைக்கான நாடாவைத் தள்ளிவிட்டு நான் காத்திருப்பேன். அவர் கை அப்படியே நிற்கும், உதடு மட்டும் கர்ணன் பாட்டை முணுமுணுக்கும். "என்ன கர்ண மகாராஜா, தறிச் சத்தத்தையே காணோம்?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்பாள். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்குவார்.

சேலை தள்ளிப்போனால் கூலியும் தள்ளிப்போகும். மளிகைக் கடையில் போய்க் கடன் சொல்வது அம்மாதான். கலைக்காக வாழ்ந்தவர்களின் வரலாறுகளில் இந்தக் கடன் கணக்கு ஏறுவதேயில்லை. ஏற வேண்டும். அப்பா மேடையேறிய ஒவ்வோர் இரவிலும் அம்மாவுக்குப் பாதிப் பங்கு உண்டு.

ஆனாலும் இப்படிப்பட்டவர்கள் எல்லோரும் பொறுப்பாக வீட்டோடு இருந்திருந்தால் எங்கள் ஊருக்குக் கூத்து ஏது? தமிழுக்குச் 'சபாபதி' ஏது? உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் தாராளமாகக் கேலி செய்யுங்கள். வீட்டு வேலையில் அவர் பங்கை விடாமல் கேட்டு வாங்குங்கள். மேடைக்குப் போகும்போது மட்டும் தடுக்காதீர்கள்.