பலாலியிலிருந்து சென்னைக்கு

கனடாவில் நான் இருக்கிற பிக்கரிங்கிலிருந்து நியூயோர்க் போவதென்றால் முதலில் 401 நெடுஞ்சாலையில் மேற்கே காரை ஓட்டிப் பியர்சன் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதன்பின் வான்வழியே சுமார் 570 கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம். அமெரிக்கக் குடிவரவுச் சோதனை ரொறன்ரோவிலேயே முடிந்துவிடும். 1952இலிருந்து இருக்கிற ஏற்பாடு இது. நியூயோர்க்கின் லகார்டியாவில் இறங்குகிறவர் உள்ளூர்ப் பயணியைப் போலப் பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே டாக்சிக்குப் போகலாம். இரண்டு அரசுகள் மனம் வைத்தால் எல்லை எவ்வளவு லேசாகிவிடுகிறது! அந்தச் சோதனை வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையந்தான் நினைவுக்கு வரும்.

பலாலிக்கும் சென்னைக்கும் வான்வழியே சுமார் 350 கிலோமீற்றர்தான். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம், ஒரு டகோட்டா, இரத்மலானையில் கிளம்பி யாழ்ப்பாணத்தில் இறங்கித்தான் மதராசுக்குப் போனது. படிப்பு, பட்டுச்சேலை, கச்சேரி, வைத்தியம் என்று எங்கள் பெரியவர்களுக்கு எல்லாவற்றுக்கும் மதராசுதான். போர்க்காலத்தில் அந்த வழி அடைபட்டுப் போனது. யாழ்ப்பாணத்துச் சனம் இரவு பஸ்ஸில் ஏறி, 400 கிலோமீற்றர் தெற்கே போய், கட்டுநாயக்காவில் விமானம் பிடித்து, விட்டுவந்த ஊரையும் தாண்டித் திரும்ப வடக்கே பறந்தது. கண் ஒப்பரேசனுக்குப் போன என் பெரியம்மா கால் வீங்கித்தான் சென்னையில் இறங்கினா. "பிளேனில ஒரு மணித்தியாலம், றோட்டில ஒரு ராத்திரி" என்று ரெலிபோனில் சொன்னா.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. அடுத்த மாதமே அலையன்ஸ் எயாரின் சின்ன ஏடிஆர் விமானம் பறக்கத் தொடங்கியது. கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2024இல் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. இப்போது தி.நகரில் கலியாணச் சாமான் வாங்கிய கையோடு ஊரிலேயே போய் இறங்கலாம். பெரியம்மா இதைப் பார்க்க இருக்கவில்லை.

பிக்கரிங்குக்கும் ஒரு விமான நிலையக் கதை உண்டு. 1972இல் கனடிய மத்திய அரசு இங்கே வடக்குப் பக்கம் 18,600 ஏக்கர் காணியை எடுத்தது. கமக்காரக் குடும்பங்கள் வீடுவாசலை விட்டன. சனம் விடாமல் எதிர்த்தது. கடைசிவரை விமான நிலையம் எழும்பவில்லை. 2025 ஜனவரியில் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த், தமிழ்நாட்டுத் தகப்பனின் மகள், திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார்.

பலாலி இருக்கிற வலிகாமம் வடக்கிலும் சனம் காணியை இழந்தது. 1990இல் அவர்கள் ஷெல்லடிக்கு நடுவே உடுத்த உடுப்போடு ஓடினார்கள். அங்குள்ள மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தது. இராணுவம் விடாத காணிகள் இன்னும் இருக்கின்றன.

பலாலியின் ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானம் இறங்கும். எனக்கும் அந்த ஆசை நிறைய உண்டு. ஆனால் அதற்கு வேண்டிய காணியைக் காணிக்காரரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் சரியான விலை கொடுத்து வாங்க வேண்டும். அப்படி ஓடி அகதி முகாமிலேயே கண்மூடியவர்களின் பிள்ளைகள் பிக்கரிங்கிலும் மார்க்கத்திலும் காணி உறுதிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவர்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.