உங்கள் கையெழுத்து போதும்!

மறைமலை நகரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெரும்பாலும் எல்லாப் பெண்களுமே பட்டதாரிகள். மஹிந்திரா சிட்டியில் ஐ.டி. வேலை, காட்டாங்கொளத்தூர் கல்லூரியில் ஆசிரியர் பணி என்று ஓடுபவர்கள். வீட்டுக் கடன் வட்டி வரை பேசுவோம். கருத்தடை பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டோம்.

என் மகனுக்குப் பதினோரு மாதம் ஆனபோது எனக்கு நாள் தள்ளிப்போனது. ஆணுறை பயன்படுத்தியும் கரு தங்கிவிட்டது. சிசேரியன் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அலுவலக வேலையாகப் புனேவில் இருந்த கணவருடன் போனில் பேசி, ‘இப்போது வேண்டாம்’ என்று முடிவெடுத்தோம். அம்மாவோ, “படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?” என்று அழுதார்.

ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். “ஹஸ்பண்ட் வந்து கையெழுத்துப் போடட்டும்மா” என்றார்கள். அவர் வர மூன்று வாரம் ஆகும். எனக்கோ ஏழாவது வாரம். மாத்திரை மூலம் கலைக்க 9 வாரம் வரைதான் அனுமதி.

அன்றிரவு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். 1971-லேயே வந்த சட்டம் அது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே போதும். கணவர் கையெழுத்து தேவையில்லை. கருத்தடை முறை தோற்றுப்போனதும் ஏற்கப்பட்ட காரணமே. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருத்தடை தோற்றால் மணமாகாத பெண்ணுக்கும் இந்த உரிமை உண்டு. பெயரை வெளியே சொல்வது குற்றம்.

செங்கல்பட்டில் இன்னொரு மருத்துவர் என் கையெழுத்தை மட்டும் வாங்கினார். ஸ்கேனில் கரு கர்ப்பப்பைக்குள் இருப்பதை உறுதி செய்த பிறகே மாத்திரை தந்தார். கருக்குழாயில் தங்கிய கரு இந்த மாத்திரைக்குக் கலையாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கடையில் வாங்கி விழுங்கக் கூடாது என்பது இதனால்தான்.

பிறகு காப்பர்-டி போட்டுக்கொண்டேன். 10 வருடம் வரை பலன் தரும் வகை அது, வேண்டும்போது எடுத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசியும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் இரண்டுமே இலவசம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சுமை நமக்கு, கையெழுத்து மட்டும் அவர்களுக்கா?

போன மாதம் கீழ்வீட்டுப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அவர் கையெழுத்து வேணுமாமே, அக்கா?”

“வேண்டாம்மா. உன்னோடது போதும்” என்றேன்.