எண்ணப்படாதவை

பழைய கூடைப்பந்து ஆட்டக்காரர்களைப் பற்றிய பேச்சு எப்போதும் ஒரே தடத்தில்தான் போகிறது. வில்ட் சேம்பர்லெய்னைக் கூட்டிவந்து இன்றைய களத்தில் நிறுத்தினால் என்ன ஆவார்? ஒன்றும் ஆகமாட்டார் என்கிறார் கவிதை எழுதும் என் நண்பர். 1961-62 பருவத்தில் வில்ட் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் எடுத்தார். அப்போது என்.பி.ஏ.யில் இருந்தவை ஒன்பதே அணிகள். எதிரே நின்றவர்களில் பலர் கோடையில் வேறு வேலை பார்த்துப் பிழைத்தவர்கள். எனவே ஊதிப்போன எண்கள், என்கிறார்.

எண்கள் ஊதியவைதான். இதில் எனக்குத் தகராறு இல்லை. அந்தப் பருவத்தில் ஓர் அணி சராசரியாக 119 புள்ளிகள் எடுத்தது. ஆனால் எறிந்த நூறில் ஐம்பத்தேழு வளையத்தில் விழவில்லை. அவசர அவசரமாக ஓடினார்கள், எறிந்தார்கள், தவறவிட்டார்கள். தவறிய பந்தெல்லாம் யாரோ ஒருவருடைய கணக்கில் ரீபவுண்டாக ஏறியது. ஆஸ்கர் ராபர்ட்சன் புள்ளி, ரீபவுண்டு, உதவிப் பாஸ் மூன்றிலும் பத்துக்கு மேல் சராசரி வைத்ததும் அதே பருவத்தில்தான். 2016-17-ல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் அதைத் திரும்பச் செய்தபோது, ராபர்ட்சனைவிட ஆட்டத்துக்கு ஒன்பது நிமிஷத்துக்கு மேல் குறைவாகவே களத்தில் இருந்தார்.

ஆனால் நண்பருடைய கால இயந்திரம் ஒரு திசையில் மட்டுமே ஓடுகிறது. பழையவனை அவனுடைய கான்வாஸ் ஷூவோடு இழுத்துவந்து இன்றைக்கு நிறுத்தும். இன்றையவனை 1962-க்கு ஏற்றிப் போகாது. ஸ்டீபன் கர்ரி 2015-16-ல் 402 மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டார். அந்தக் கோட்டை என்.பி.ஏ. வரைந்ததே 1979-80-ல். அதற்கு முன் எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். பந்தை உள்ளங்கையில் ஏந்திப் புரட்டும் இன்றைய டிரிபிளுக்கு அன்றைய நடுவர் விசில் ஊதியிருப்பார். ஆட்டம் மட்டுமா? 1961-ல் கென்டக்கியின் லெக்சிங்டனில், ஓட்டலில் சாப்பாடு மறுக்கப்பட்டதால் பாஸ்டன் அணியின் கறுப்பின ஆட்டக்காரர்கள் காட்சி ஆட்டத்தை ஆடாமலே ஊர் திரும்பினார்கள். அந்த இயந்திரத்தில் ஏறுகிறவன் இதையும் சேர்த்துத்தான் ஏற வேண்டும்.

ஒரு காலம் தன் ஆட்டக்காரனை எப்படி எடைபோட்டது என்பதற்கு எண்ணைவிட நம்பகமான சாட்சி விதிப்புத்தகம் என்று எனக்குப் படுகிறது. வளையத்துக்கு முன்னால், தாக்கும் அணிக்காரர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாத பகுதியின் அகலம் ஆறடியாக இருந்தது. ஜார்ஜ் மைக்கனின் ஆதிக்கத்தைக் குறைக்க 1951-ல் பன்னிரண்டாக்கினார்கள். வில்ட் வந்தபின், 1964-ல், பதினாறு. கூடவே ஆடியவர்கள் எழுதிய விமர்சனம் இது; தரையில் பெயின்ட் அடித்து எழுதியிருக்கிறார்கள்.

வில்ட்டின் 100 புள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊர். பார்த்தவர்கள் 4,124 பேர். சலனப்படம் கிடையாது. நான்காம் பகுதியின் வானொலி ஒலிப்பதிவும், 100 என்று எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு புகைப்படமும் மிச்சம். கடைசி நிமிஷங்களில் பந்து கைக்குத் திரும்ப வேண்டும் என்று வில்ட்டின் அணி எதிரிகளை வேண்டுமென்றே ஃபவுல் செய்தது. நியூயார்க் அணியோ பந்தை விடாமல் வைத்து நேரத்தைக் கடத்தியது. சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் கூடைப்பந்து என்று நான் எதை நினைக்கிறேனோ அது அங்கே அப்போதே நின்றுபோயிருந்தது.

என் தேர்வு பில் ரஸ்ஸல். பதின்மூன்று பருவங்களில் பதினொரு பட்டங்கள். அவருடைய புள்ளிச் சராசரி 15.1, அதை வைத்து எவனும் கவிதை எழுதமாட்டான். அவருடைய வேலை எதிராளியின் எறிதலைத் தடுப்பது. தடுத்த பந்தைக் கூட்டத்துக்குள் அறைந்து கைதட்டு வாங்குவதில்லை. களத்துக்குள்ளேயே, தன் ஆள் எடுக்கும்படி தட்டிவிடுவார். அடுத்த கணம் பாஸ்டன் மறுமுனையில் இருக்கும். என்.பி.ஏ. இந்தத் தடுப்புகளை எண்ணத் தொடங்கியது 1973-74-ல். ரஸ்ஸல் ஓய்வுபெற்றது 1969-ல். அதாவது அவர் முழுமூச்சாகச் செய்த காரியம் கணக்கில் ஒரு பூஜ்யமாகக்கூட இல்லை, வெற்றிடமாக இருக்கிறது. சங்கப் புலவன் புதுக்கவிதை எழுதித் தேறுவானா என்று ஒருநாளும் கேட்காத நண்பர், ரஸ்ஸல் விஷயத்தில் மட்டும் அட்டவணையை எடுத்து விரிக்கிறார்.

உடம்பைப் பாருங்கள், இன்றைய உடம்பே வேறு என்பது அவருடைய கடைசி அஸ்திரம். ரஸ்ஸல் கல்லூரி நாட்களில் உயரம் தாண்டும் போட்டியில் 6 அடி 9 அங்குலத்துக்கு மேல் தாண்டியவர். நண்பர் இன்றைய ஆட்டக்காரர்களில் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது நிகோலா யோகிச்சை. 2021, 2022, 2024 மூன்று தடவை மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். தரையைவிட்டு எழும்புவதற்கே யோசிக்கிற மனிதர். நானும் அவருடைய பாஸ்களுக்காக ராத்திரி கண்விழிப்பவன்தான்.