கோட்டானும் கோத்தானும்

பறவைகளுள் கூகையைப் போலப் பழி சுமந்தது பிறிதொன்றில்லை எனலாம். காகத்திற்குச் சோறு வைக்கிறோம். கிளிக்குப் பேசக் கற்றுக் கொடுக்கிறோம். மயிலை முருகனுக்கு ஊர்தியாக்கினோம். கூகைக்கு மட்டும் சாவுச் செய்தி கொண்டு வரும் வேலையைக் கொடுத்துவிட்டோம்.

நம் பழம்பாடல்களிலும் சுடுகாட்டில் கூகை குழறுவது உண்டு. ஆயினும் அவை அப்பறவையை வெறுத்து ஒதுக்கவில்லை. கூகையைக் கோட்டான் என்று வழங்குவதும் உண்டு எனத் தொல்காப்பிய மரபியல் அமைதியாக எடுத்துரைக்கின்றது. நற்றிணையின் 83ஆம் பாட்டில், தலைவன் வரும் இரவில் குழறி ஊரை அஞ்சச் செய்யாதே என்று கூகையை வேண்டும் தோழி, நெய்ச்சோறும் சுட்ட எலியிறைச்சியும் தருவதாக அதற்கு ஆசை காட்டுகிறாள். அஞ்சத்தக்க பறவையாயினும் பேசிப் பார்க்கத்தக்க உறவாகவே அது அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

இந்த நினைவுகளோடுதான் சில ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரித் திங்களின் இறுதியில், ஜப்பானின் வடகோடித் தீவாகிய ஹொக்கைடோவுக்குச் சென்றேன். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் பறவை பார்க்கும் பழக்கம் என்னைப் பற்றிக்கொண்டது. ஆந்தைகளைத் தேடிச் செல்லும் ஒரு சிறு குழுவில் எண்மருள் ஒருவனாகச் சேர்ந்தேன். நமக்கு மாசி என்றால் வெயில் ஏறத் தொடங்கும் காலம். அங்கோ ஆறுகளின் ஓரங்கள் இன்னும் உறைந்து கிடந்தன. மூச்சு விட்டால் அது புகையாகி மீசையில் பனியாய்ப் படிந்தது. எங்களுக்கு வழிகாட்டிய அம்மையார் ஐம்பது வயதை அடுத்தவர். நான் ஆசிரியன் என்று அறிந்தது முதல் என்னைச் ‘சென்செய்’ என்றே மரியாதையுடன் அழைத்தார்.

ஷிபேச்சா என்னும் ஊருக்கு அருகில் முதல் ஆந்தையைக் காட்டினார். ஒரு முதுமரத்தின் பொந்தைச் சுட்டினார். எனக்கு மரப்பட்டைதான் தெரிந்தது. நெடுநேரம் உற்று நோக்கியபின் அப்பட்டையின் ஒரு பகுதி மெல்லக் கண் திறந்தது. அதுவே யூரல் ஆந்தை. ஜப்பானியர் அதனை ‘ஃபுகுரோ’ என்கின்றனர். துன்பம் இல்லை என்று பொருள்படும்படியும் அவ்வொலியை எழுதலாமாம். ஆதலால் ஆந்தைப் பொம்மையை நற்பேற்றின் சின்னமாக வாங்கி வீட்டில் வைக்கும் வழக்கம் அங்கு உண்டு. ஒரே பறவை; ஒரு நாட்டில் வாசலில் அமர்ந்தாலே அச்சம், மற்றொரு நாட்டில் மாடத்தில் அமர்த்தினால் மங்கலம். தீமையும் நன்மையும் பறவையிடத்தில் இல்லை, நம் சொல்லிடத்தில்தான் உள்ளன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நாங்கள் தேடிச் சென்ற பறவை அதனினும் பெரியது. ஷிரேத்தோக்கோ தீபகற்பத்தின் கீழ்க்கரையில் ராவுசு என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அங்குள்ள ஓடைகளில் வாழும் பிளாக்கிஸ்டன் மீன் ஆந்தை, உலகிலுள்ள ஆந்தைகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. சிறகை விரித்தால் ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் அகலம். எடை நான்கு கிலோவையும் எட்டும். கூடு வைக்கப் பெரும்பொந்துள்ள முதுமரமும், குளிர்காலத்திலும் முழுதும் உறையாத மீன் ஓடையும் இதற்கு வேண்டும். காடு வெட்டப்பட்டது, ஆறுகளில் எழுந்த தடுப்பணைகள் மீன்களின் வழியை மறித்தன. மரமும் மீனும் குறையவே பறவையும் குறைந்தது. 1971ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு இதனை இயற்கைச் சின்னமாக அறிவித்தது. பின்னர்ப் பொந்துக்கு மாற்றாகப் பெரிய கூடுபெட்டிகளை மரங்களில் பொருத்தி, உணவில்லாத இடங்களில் மீனும் இட்டுக் காத்து வருகின்றனர். அத்துணை முயற்சிக்குப் பிறகும் ஹொக்கைடோவில் இவை சில நூறுக்கு மேல் இல்லை.

ஓடைக்கரை விடுதியொன்றில் இருளில் அமர்ந்து காத்திருந்தோம். நேரம் நீளவே எங்களுள் ஒருவர், ஆந்தையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்தால் அது விரைந்து வருமே என்றார். அம்மையார் மறுத்தார். “இது முட்டையிடும் காலம். வேற்று ஆந்தை எல்லைக்குள் புகுந்துவிட்டது என்று தாய்ப்பறவை எழுந்து வந்தால், இந்தக் குளிரில் முட்டை என்ன ஆகும்? நாம் காணாமல் திரும்பலாம், அது கூட்டை விட்டு எழக்கூடாது” என்றார். கூடுகள் இருக்கும் இடத்தை எவருக்கும் சொல்வதில்லை என்பதும் அவர்கள் நெறி. காண்பதற்காகவே அழைத்து வந்தவர் காணாமையையும் ஒரு கடமையாகக் கற்பித்தார். பேசிய நண்பரும் தலையசைத்துக் கைப்பேசியை உள்ளே வைத்துக்கொண்டார்.

இரவு பத்து மணியளவில் மலைச்சரிவிலிருந்து அக்குரல் வந்தது. ஆண் ஆழ்ந்த குரலில் இருமுறை ஒலிக்க, பெண் ஒருமுறை மறுமொழி தந்தது. இடைவெளியின்றி இணைந்ததால் ஒரே பறவையின் குரலென மயங்கினேன். சற்று நேரத்தில் ஒரு பேருருவம் ஓசையுடன் இறங்கி, பனிக்கரையில் நின்று, நீரில் கால் வைத்து மீனைப் பற்றிச் சென்றது. அனைவரும் மகிழ்ந்தனர். என் உள்ளமோ அக்குரலிலேயே நின்றுவிட்டது.

கெடா மாநிலத்துப் பால்மரத் தோட்டமொன்றில் நான் பிறந்தேன். 1964ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. என் தந்தையார் காய்ச்சலில் கிடந்த இரவில், லயத்துக்குப் பின்னாலிருந்த மரத்தில் ஓர் ஆந்தை அலறியது. பாட்டி அடுப்பில் உப்பை அள்ளிப் போட்டார். மருத்துவமனை இருபது மைலுக்கு அப்பால். தோட்டத்து லாரியைக் கேட்டு இருமுறை ஆள் போயிற்று; விடிந்த பிறகே அது கிடைத்தது. வழியிலேயே தந்தையார் உயிர் நீத்தார். ஆந்தை கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டது என்று லயமே பேசியது. லாரி ஏன் வரவில்லை என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. பழியை ஏற்க மரத்தில் ஒரு பறவை இருந்ததனால், பதில் சொல்ல வேண்டியவர்கள் நிம்மதியாக உறங்கினார்கள். மூடநம்பிக்கை அறியாமையால் மட்டும் வாழ்வதன்று. அது சிலருக்கு வசதியாகவும் இருப்பதனால் வாழ்கிறது.

மறுநாள் அம்மையார் அத்தீவின் பழங்குடியினராகிய ஐனு மக்களைப் பற்றிக் கூறினார். அம்மக்கள் இம்மீன் ஆந்தையைக் ‘கோத்தான் கோர் காமுய்’ என்றனர். ஊரைக் காக்கும் தெய்வம் என்பது பொருள். அவர்கள் மொழியில் கோத்தான் என்றால் ஊர். நம் கோட்டானோடு இது ஒலியால் ஒத்தது தற்செயலே. உறவு கற்பிப்பது ஆராய்ச்சியாகாது. ஆயினும் இரவில் குழறும் அதே இனத்துப் பறவையை, ஊரார் உறங்கும்போது விழித்திருக்கும் காவலனாக ஒரு மக்கள் கூட்டம் கண்டது என்பதைக் கேட்டபோது என் நெஞ்சிலிருந்த பழைய சுமை சற்றே இறங்கியது.

ஐனு மொழிக்கு எழுத்தில்லை. பள்ளியிலும் ஆட்சியிலும் ஜப்பானிய மொழியே ஓங்க, அது வீடுகளிலிருந்தும் மறையத் தொடங்கியது. சிரி யுக்கியே என்னும் ஐனு இளம்பெண், தன் முன்னோரின் பாடல்களை உரோமன் எழுத்தில் எழுதி ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் சேர்த்தார். இதயநோயால் 1922ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில் மறைந்தார். நூல் 1923இல் வெளிவந்தது. அதன் முதற்பாடல், ஆந்தைத் தெய்வம் தன்னைப் பற்றித் தானே பாடுவது. ஆந்தையைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். அவர்களோ ஆந்தையையே பேச விட்டிருக்கிறார்கள். மரம் போனால் பறவை போகிறது. வீட்டில் பேச்சு நின்றால் பாட்டும் போகிறது. இரண்டையும் காக்க யாரேனும் குளிரில் விழித்திருக்க வேண்டியுள்ளது.

இன்று நம் நாட்டில் பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. குலைகளைக் கடிக்கும் எலிகளை அடக்க, தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியமர்த்துகின்றனர். சங்கத் தோழி தருவதாகச் சொன்ன எலியை அது இப்போது தானே தேடி உண்டு நமக்கும் உதவுகிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் கூகை என்ற சொல் வரும்போது அகராதிப் பொருளோடு நின்றுவிடாதீர்கள். அதன் வாழ்வைச் சொல்லுங்கள். நற்றிணைத் தோழியைச் சொல்லுங்கள். சிரி யுக்கியேயையும் சொல்லுங்கள். அச்சம் வரும்போது அது யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்கவும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை, பறவையின் மேல் பழி போட்டுவிட்டு உறங்கப் போகமாட்டான்.