சிப் பார்த்து வாங்குகிறவர்கள்

கோர்சேர் ரேமின் ஸ்டிக்கரில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டுமே தெரிகிற அளவில் ‘வெர்’ என்று ஒரு எண் இருக்கும். டிடிஆர் 4 ரேமில் அந்த எண் 3-இல் தொடங்கினால் உள்ளே இருப்பது மைக்ரான் சிப். 4 என்றால் சாம்சங். 5 என்றால் ஹைனிக்ஸ். பெட்டியும் மாடலும் விலையும் ஒன்றாகவே இருக்க, உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் மாறும். 4.31 என்று போட்ட ஸ்டிக் கைக்கு வந்தால் ரிச்சி தெருவில் விஷயம் தெரிந்தவர்கள் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். அது சாம்சங்கின் பி-டை. டிடிஆர் 4 காலம் முழுவதும், ரேமைக் கம்பெனி வேகத்துக்கு மேல் ஓட்டி ஓவர்கிளாக் செய்கிறவர்கள் தேடி அலைந்த சிப் அது.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சென்னைக்காரர்கள் ‘ரிச்சி ஸ்ட்ரீட்’ என்கிறோம். தெருமுகப்பில் இருப்பவை புதுப்பெட்டி விற்கும் கடைகள். நான் போனது பின்கட்டில், செங்குத்தான படி ஏறிப் போகிற ஒரு அறைக்கு. பழைய ரேமைத் தரம் பிரித்து, சோதித்து, ஜோடி சேர்த்து விற்கிற இடம். என் டெஸ்க்டாப்பையும் கூடவே கொண்டுபோயிருந்தேன்: ரைசன் 5 3600, பி450 போர்டு, ஒற்றை 8 ஜிபி ஸ்டிக். கைக்கு அடக்கமான செலவில் அதை 16 ஜிபி ஆக்க வேண்டும், வேகமும் கூட வேண்டும். அதைச் சாக்காக வைத்து இந்த வேலையை அருகில் இருந்து பார்க்க வேண்டும் என்பதும் வெகுநாள் ஆசை.

கடைக்காரரை எல்லாரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரிடம் வேலை பார்க்கும் பெண் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். அவர் முன்னால் ஒரு டிரே நிறையப் பச்சை ஸ்டிக்குகள். லீஸ் முடிந்து அலுவலகங்களிலிருந்து மொத்தமாக வெளியே வரும் கணினிகளில் கழற்றியவை. தகட்டுக் கவசம் கிடையாது, விளக்கு கிடையாது, வேகத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் எக்ஸ்எம்பி கிடையாது. பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றாது.

அவர் ஒவ்வொன்றையும் டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கிறார். சிப்பின் மேல் லேசரில் பொறித்த எழுத்து நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்வாக வெளிச்சம் பட்டால்தான் தெரியும். லென்ஸை என்னிடம் கொடுத்து, “டபிள்யூக்கு அடுத்த எழுத்தைப் பாருங்க சார்” என்றார். கே4ஏ8ஜி085டபிள்யூபி. அந்தக் கடைசி ‘பி’ சிப்பின் தலைமுறையைச் சொல்கிறது. அதே இடத்தில் சி, டி, இ என்று வந்தால் பிந்தைய தலைமுறைகள், குணம் வேறு. ஆக, 2400 வேகத்துக்கு என்று எங்கோ ஒரு அலுவலக மேசையடியில் வருடக்கணக்காக ஓடிய சாதாரண ஸ்டிக்கில், விலை உயர்ந்த கேமிங் ரேமில் போடுகிற அதே இனத்துச் சிப் உட்கார்ந்திருக்கிறது.

ஹைனிக்ஸ் என்றால் எண்ணின் முடிவைப் பார்க்கிறார்: சிஜேஆர், டிஜேஆர் ஒரு பக்கம், ஏஎஃப்ஆர் வேறு பக்கம். மைக்ரான் சிப்பில் ஐந்து எழுத்துக் குறியீடு. டி9விபிபி என்றிருந்தால் இ-டை. இந்த இ-டை ஒரு காலத்தில் நடுத்தர வர்க்கத்துப் பையன்களின் செல்லப்பிள்ளை. க்ரூஷியலின் பாலிஸ்டிக்ஸ் ஸ்டிக்குகளில் அதுதான் வரும். விலை குறைவு, வேகம் தாராளமாக ஏறும். பாலிஸ்டிக்ஸ் வரிசையை மைக்ரான் 2022-இல் நிறுத்தியது. 2025 டிசம்பரில் க்ரூஷியல் என்ற சில்லறை வணிகத்தையே மூடுவதாக அறிவித்தது. ஏஐ தரவு மையங்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம். தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 2025-இன் பிற்பாதியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், முன்பு ‘பழசு வேண்டாம் பாய்’ என்று போனவர்களெல்லாம் இப்போது இந்தப் படியேறி வருகிறார்கள்.

வேகம் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பது இங்கே முதல் பாடம். காத்திருப்பைக் குறிக்கும் சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் தரவு வரத் தொடங்க ஆகும் நேரம் நானோசெகண்டில் கிடைக்கும். 2400, சிஎல் 17 என்றால் 14.17. அலுவலகக் கணினிகளில் வரும் 3200, சிஎல் 22 என்றால் 13.75, எண் பெரிதாகியும் காத்திருப்பு ஏறக்குறைய அதேதான். 3600, சிஎல் 18-ம் 3200, சிஎல் 16-ம் சரியாக 10. 3200-லேயே சிஎல் 14-க்கு இறங்கினால் 8.75. பாய் இதையெல்லாம் காகிதம் இல்லாமல் சொல்கிறார். என் ரைசனில் பெரும்பாலும் 3600 வரைதான் ரேமும் புராசஸரின் உள்பாதையும் ஒரே தாளத்தில் ஓடும். அதற்கு மேல் போனால் தாளம் பிரிந்து, ஏற்றிய வேகமே பாரமாகிவிடும். அதனால் 4000 என்று போட்ட ரேமுக்குக் கூடுதல் காசு கொடுப்பது இந்தக் கணினிக்கு வீண். இன்டெல் எச்510 போர்டோடு வருகிறவர்களை அவர் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறார். அதில் ரேம் ஓவர்கிளாக்குக்கு வழியே இல்லை.

பிரித்த ஸ்டிக் அடுத்து ஒரு பையனிடம் போகிறது. தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைக்கிறான். ‘கெட்டுப்போன ரேம்’ என்று வருவதில் நிறைய இந்தத் துடைப்பிலேயே உயிர் பெற்றுவிடும் என்றான். பிறகு மரப்பலகையில் கேபினெட் இல்லாமல் கிடக்கும் போர்டு. இரண்டு ஸ்டிக்கையும் புராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுகிறான். ஒற்றை ஸ்டிக்கிலிருந்து இப்படி இரட்டைச் சேனலுக்கு வருவதில் கிடைக்கும் லாபம், பெரும்பாலானவர்களுக்கு ஓவர்கிளாக்கில் கிடைப்பதைவிடப் பெரியது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத 5600ஜி போன்ற புராசஸர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே கண்கூடாகத் தெரியும்.

முதலில் கம்பெனி அமைப்பிலேயே மெம்டெஸ்ட்86. அதில் தேறினால் வோல்டேஜ் 1.2-லிருந்து 1.35, வேகம் 3200. திரை வரவில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சிமாஸ் பின் இரண்டையும் தொட்டு அழித்துவிட்டு மறுபடி. திரை வந்தால் விண்டோஸில் டெஸ்ட்மெம்5. பிறகு ஒவ்வொரு டைமிங்காக இறக்குவது. இறக்கியதும் மறுபடி டெஸ்ட். எல்லாவற்றையும் அந்தப் பெண் ஒரு நோட்டில் எழுதுகிறார்: சீரியல் எண், வேகம், வோல்ட், எத்தனை சுற்று, எங்கே எரர். மின்சாரமும் பொறுமையும் தின்கிற வேலை. விரைவுபடுத்த ஒரு வழியும் இல்லை.

“ராத்திரி பாஸ் ஆறதெல்லாம் பாஸ் இல்ல சார். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஃபேனை நிறுத்திட்டு ஓட்டணும்” என்றார் பாய். ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்னூட்டம். ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை நிரப்பியாக வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவு கூடும். ஒரு நிரப்பலுக்கு ஒதுக்கும் நேரம் டிஆர்எஃப்சி. 8 ஜிகாபிட் சிப்புக்குத் தரநிலை 350 நானோசெகண்டு தருகிறது, நல்ல பி-டை அதில் பாதியிலேயே முடித்துவிடும். ஆனால் அப்படி இழுத்துப் பிடித்த பி-டைக்கு வெக்கை ஆகாது. ஏசி அறையில் எடுத்த அளவுகளை நம்பிச் சென்னை மே மாதத்தில் ஓட்ட முடியாது. இணையத்தில் படித்துவிட்டு எண்களை அப்படியே போடுகிறவர்கள் இடறுவது இங்கேதான்.

இடறினால் கணினி நின்றுவிடும் என்பதில்லை, அதுதான் பயம். ஒரே ஒரு பிட் தப்பினாலும் சேமித்த படம் கெடலாம், கோப்பு திறக்காமல் போகலாம். தப்பு நடந்ததே மாதங்கள் கழித்துத்தான் தெரியும். நான் இருந்தபோது ஒரு வியாபாரி, தன் கடைக் கணினியையும் ‘ஸ்பீடு பண்ணிக் குடுங்க பாய்’ என்றார். பாய் மறுத்துவிட்டார். “கணக்கு எழுதுற மெஷினுக்கு நான் ஓவர்கிளாக் பண்ண மாட்டேண்ணே. 16 ஜிபி போட்டுத் தரேன், அப்படியே ஓட்டுங்க.” அந்த மறுப்பில் அவருக்கு நஷ்டம்தான். எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

என் ஜோடி 3600-இல் திரைக்கு வந்தது, மதியச் சூட்டில் எரர் கொடுத்தது. 3200-க்கு இறக்கி, 1.4 வோல்ட்டில் சிஎல் 14 வைத்ததும் சுத்தமாக ஓடியது. பில்லில் ‘8 ஜிபி ரேம் - 2’ என்று ஒரே வரி. சோதனைக்கு எங்கே சார்ஜ் என்று கேட்டேன். “அதுக்கு யாரு சார் குடுப்பா? டெஸ்டிங் வாரண்டி ஒரு வாரம் தரோம், அதுலயே அடக்கம்.” இது எனக்குச் சரியாகப் படவில்லை. மலிவான ஸ்டிக்கை விலையுயர்ந்த ஸ்டிக்கின் வேகத்துக்குக் கொண்டுபோவது அந்தப் பெண்ணின் கண்ணும், அந்தப் பையனின் பொறுமையும், அந்த நோட்டும். வாங்குகிறவன் மிச்சம் பிடிக்கும் தொகை முழுக்க இவர்கள் உழைப்பிலிருந்து வருகிறது; பில்லில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. போர்டு ரிப்பேருக்கு சர்வீஸ் சார்ஜ் கொடுக்க யாரும் தயங்குவதில்லை. ரேம் சோதனைக்கும் தனியாக ஒரு கட்டணம் எழுதட்டும், நாமும் பேரம் பேசாமல் கொடுப்போம். நான் வற்புறுத்தியதும் பாய் ஒரு தொகை சொன்னார். என் கணக்கில் அது குறைவு. கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் பயாஸில் போட்ட அளவுகளை ஒரு தாளில் எழுதித் தந்தார். “பயாஸ் அப்டேட் பண்ணா எல்லாம் அழிஞ்சிடும் சார், இதைப் பார்த்து மறுபடி போட்டுக்கோங்க. ஏப்ரல்ல வெயில் ஏறினதும் ஒரு தடவை டெஸ்ட்மெம் ஓட்டுங்க. ஒரு எரர் வந்தாலும் டிஆர்எஃப்சியை 280-லேருந்து 350 ஆக்கிடுங்க (பயாஸ்ல இது நானோசெகண்டு இல்ல, கிளாக் எண்ணிக்கை), வோல்ட்டை ஏத்தாதீங்க. அதுக்கும் அடங்கலன்னா எடுத்துட்டு வாங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் கடை லீவு.”