ஆறு தெளியும் வரை

வெட்டர் ஆற்றங்கரையில் ஒருவர் மீனைக் கரையேற்றினால், பக்கத்தில் நிற்பவர் எடையை விசாரிக்க மாட்டார். "வெள்ளியா, கறுத்துப்போனதா?" என்றுதான் கேட்பார். கனடாவின் மேற்குக் கோடியில், வான்கூவருக்குக் கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, மலைக்குள்ளிருந்து சில்லிவாக் என்ற பெயரோடு இறங்கி வந்து, சமவெளியில் வெட்டர் ஆகி, கடைசியில் பிரேசர் என்ற பேராற்றில் கலக்கிற ஆறு அது. செப்டம்பர் பிறந்ததும் சால்மன்கள் கடலை விட்டு ஏறத் தொடங்கும். முதலில் சினூக், பின்னாலேயே கோஹோ, குளிர் இறுகும் நேரத்தில் சம். ஒற்றைப்படை ஆண்டுகளில் பிங்க் என்ற சின்ன ரகமும் கூட்டமாக வரும். இத்தனையிலும் தூண்டில்காரர்கள் ஏங்குவது ஒன்றுக்குத்தான்: உப்புத் தண்ணீரின் மினுக்கு இன்னும் போகாத, கண்ணாடி மாதிரி மின்னுகிற கோஹோ.

அந்த மினுக்கு நீடிக்கிற சரக்கு இல்லை. கடலில் இருக்கும்போது மீனின் தோலில் குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஆற்றில் நுழைந்ததும் மீன் இரை எடுப்பதை நிறுத்திவிடும். வயிறு சுருங்கும். அதன் பிறகு ஓடுவதெல்லாம் உடம்பில் சேர்த்து வைத்ததைக் கொண்டுதான். கடலில் தின்ற சிற்றிறால் வகைகள் சதைக்குக் கொடுத்த செந்நிறம், சதையை விட்டுத் தோலுக்கும் சினைக்கும் நகர்ந்துவிடும். செதில்கள் தோலுக்குள் அமிழும். ஆண் மீனுக்குத் தாடை கொக்கிபோல வளைந்து பல் நீளும். சில வாரங்களில் கோஹோ செம்பழுப்பாகிவிடும். சம் மீனின் விலாவில் யாரோ தூரிகையால் இழுத்த மாதிரி ஊதாவும் பச்சையுமாகப் பட்டைகள் விழும். முட்டையிட்ட பிறகு இவை எல்லாமே செத்துப் போகும். திரும்பிப் போகிற பயணம் கிடையாது.

வெளியே வெள்ளி என்றால் உள்ளே சிவப்பு என்றும் நம்பிவிடக் கூடாது. இந்த ஆற்றின் இலையுதிர்காலச் சினூக்குகள் பக்கத்திலுள்ள ஹாரிசன் ஆற்று வம்சம். செந்நிறத்தைச் சதையில் தேக்கி வைக்கும் தன்மை அவற்றின் பரம்பரையிலேயே இல்லை. புத்தம் புதிதாக மின்னும் மீனை வீட்டுக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். முதல்முறை அறுப்பவர்கள் மீன் கெட்டுவிட்டதோ என்று மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். ருசியில் ஒரு குறையும் கிடையாது.

நான் காவிரிப் படுகையில் வாய்க்கால் ஓரமாக மண்புழு கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்தவன். பிழைப்புக்காக அந்தப் பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டேன். மீன் விஷயத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை என்ற எண்ணம் இளமையில் பலமாக இருந்தது. இருட்டோடு எழுந்து காரை எடுத்துக்கொண்டு மேலே, மலையடிக்கு ஓடுவேன். அங்கே தண்ணீர் கண்ணாடி. மடுவுக்கு மடு மீன் நிற்பது கண்ணுக்கே தெரியும். எல்லாம் சிவந்துபோன மீன்கள். மூக்குக்கு நேராக இரையை ஆட்டினாலும் திரும்பிப் பார்க்காதவை. ஒரு மடுவில் கால்மணி நேரம், அடுத்ததில் கால்மணி நேரம் என்று நாள் முழுக்க ஓடுவேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த மீன்கள் என்னை என்னவென்று நினைத்திருக்கும்!

கீழே, ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு பஞ்சாபிப் பெரியவர் அசையாமல் நிற்பார். மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அந்த வட்டாரத்தில் பஞ்சாபிகளுக்கும் மர ஆலைகளுக்கும் பழைய உறவு. அபட்ஸ்போர்டில் 1911-இல் எழுந்த குருத்துவாராவுக்கு வேண்டிய மரத்தை, ஆலையிலிருந்து அங்கே வேலை செய்த சீக்கியர்களே முதுகில் சுமந்து மேட்டில் ஏற்றினார்கள் என்பார்கள். நான் அவரை 'பாஜி' என்று கூப்பிடுவேன், அண்ணா என்று அர்த்தம். அவருக்கு நான் கடைசி வரை 'மதராசி'தான்.

பாஜி வந்ததும் தூண்டிலைத் தொட மாட்டார். முதலில் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றுவார். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து ஏலக்காய் டீ. டீ முடிவதற்குள் குச்சி நனைந்திருந்தால் ஆறு ஏறுகிறது. குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஈர மணல் தெரிந்தால் இறங்குகிறது. ஏறுகிற நாளில் சில சமயம் டீயைக் குடித்துவிட்டு அப்படியே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். எனக்குத் தாங்காது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுமனே போவதா?" என்பேன். "நான் வந்ததற்காக ஆறு இறங்குமா?" என்பார். வெட்டர் கிராசிங்கில் அரசாங்கம் வைத்திருக்கும் நீர்மட்டக் கருவியின் அளவைப் பிற்காலத்தில் போனிலேயே பார்க்க முடிந்தது. எடுத்துக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்துவிட்டுக் குச்சியை ஊன்றினார்.

அவருடைய கணக்கு ரொம்ப எளிது. மழைக்கு முன்னால் ஆறு வற்றிக் கிடக்கும்போது புது மீன்கள் கீழே, பிரேசரின் முகத்திலேயே தயங்கி நிற்கும். நல்ல மழை பெய்தால் ஆறு பெருகி, அதன் வாசனை கீழே போகும். பிறந்த ஓடையின் வாசனையைக் குஞ்சாக இருக்கும்போதே மனதில் பதித்துக்கொண்டு சால்மன்கள் அதைத் தேடி வருகின்றன என்ற கருத்தை ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் 1951-இல் முன்வைத்தார்கள். பின்னால் ஹாஸ்லரின் குழு கோஹோ குஞ்சுகளை ஒரு ரசாயன வாசனைக்குப் பழக்கி, வளர்ந்த பிறகு அதே வாசனையைக் காட்டி வரவழைத்தும் பார்த்தது. பாஜி ஹாஸ்லரைப் படித்தவர் இல்லை. மழையன்று ஆறு காப்பி நிறத்தில் ஓடும், அன்று பயன் இல்லை. மறுநாளும் பெரும்பாலும் அப்படித்தான். அதற்கப்புறம் மட்டம் இறங்கத் தொடங்கி, தண்ணீர் பாசிப்பச்சையாகி, முழங்கை ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிற ஒரு நேரம் வரும். கடலின் பளபளப்போடு மீன் வருவது அப்போதுதான். அதற்காக மலைக்கு ஓட வேண்டியதில்லை. வாசலில் காத்திருந்தால் போதும்.

இன்னொன்றும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஆற்றைக் கண்டதும் நடு ஓட்டத்தில் வீசத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். கோஹோ வேகத்தை விரும்பாது. கரையோரம் சாய்ந்து கிடக்கும் மரத்தடியில், தண்ணீர் சோம்பி நிற்கும் இடத்தில் ஒதுங்கும். தொடை வரை தண்ணீருக்குள் இறங்கி நின்ற என்னிடம் ஒருநாள் சொன்னார்: "மதராசி, வெளியே வா. நீ நிற்கிற இடத்தில்தான் மீன் நிற்க வேண்டும்."

நவம்பர் தொடக்கத்தில், ஒரு பெருமழை விட்டு ஆறு இறங்கிக்கொண்டிருந்த விடியலில் அது நடந்தது. சினைத் துண்டைக் கோத்து, தக்கையை முள்ளுக்குக் கிட்டக் கட்டி, கரையோர மந்த நீரில் விட்டிருந்தேன். தக்கை துள்ளவில்லை, பக்கவாட்டில் மெதுவாக நகர்ந்து காணாமல் போனது. இழுத்ததும் மீன் தண்ணீருக்கு மேலே வந்து புரண்டது, நரம்பைத் தன் மேல் சுற்றிக்கொண்டு மறுபடி புரண்டது. ஆழமில்லாத இடத்துக்கு அதைக் கொண்டுவந்தபோது கரையில் நின்றவர்கள் தங்கள் தூண்டிலை மறந்துவிட்டு வந்து பார்த்தார்கள். முதுகு மட்டும் நீலப்பச்சை, மற்றதெல்லாம் வெள்ளி. தொட்ட கையில் செதில் ஒட்டிக்கொண்டது. பாஜி குனிந்து வால் பக்கம் காட்டினார். கடல் பேன் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன, பின்னால் நூல்போல முட்டைச் சரம் தொங்க. நல்ல தண்ணீரில் அவை அதிக நாள் தாங்காது; சரம் அதற்கும் முன்பே உதிர்ந்துவிடும். மழை பெய்த அன்று அந்த மீன் உப்புத் தண்ணீரில் இருந்திருக்கிறது.

அடுத்து அவர் விரல் போன இடம் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே. அங்கே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கும். மீன் பண்ணையில் பொரித்து விட்ட கோஹோ குஞ்சுகளுக்கு அதை நறுக்கித்தான் ஆற்றில் விடுவார்கள். துடுப்பு இல்லாததை எடுத்துக்கொள்ளலாம். இருந்தால் காட்டு மீன், விட்டுவிட வேண்டும். இதற்கு இருந்தது.

பாஜி மண்டியிட்டார். மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கவே இல்லை. அங்கே எதிர்க்கொக்கி இல்லாத முள்ளைத்தான் பயன்படுத்தலாம். லேசாகத் திருப்பியதும் கழன்றது. தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, வால் கட்டைப் பிடித்தபடி வைத்திருந்தார். அந்தக் குளிரில் அவர் விரல்கள் சிவந்துவிட்டன. செவுள் நிதானமாக அசையத் தொடங்கியதும் மீன் தானாகவே கையை உதறிக்கொண்டு போனது. என் முகம் தொங்கியதைப் பார்த்துவிட்டு, "என்ன வருத்தம்?" என்றார்.

"இவ்வளவு காலத்தில் இப்படி ஒன்று மாட்டியதில்லை. கறுத்த மீனை விடச் சொல்லக் கூடாதா?"

"அது வேலைக்குக் கிளம்பி வந்திருக்கிறது. ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் ஆளை வாசலிலேயே பிடித்து வைத்துக்கொண்டால் ஆலை எப்படி ஓடும்?"

ஆலைக்காரர் பேச்சு. எனக்கு அது சிரிப்பாக இருந்தது. ஆனால் மேலே மலையடியில் நான் அலட்சியமாகத் தாண்டிப் போன சிவந்த மீன்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அவை ஷிப்டில் நின்றவை. வால் தேய்ந்தது பெண் மீன் சரளையைக் கிளறிக் குழி பறித்ததால். தோல் கிழிந்தது கல்லில் உரசியதால். பளபளப்பு என்று நாங்கள் கொண்டாடியது வேலையைத் தொடாத உடம்பின் அழகு. அதில் பிழை ஒன்றும் இல்லை, இளமையிலும் அப்படித்தானே. அதை ஒரு தகுதியாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வேடிக்கை.

அதற்குப் பிறகு டிசம்பர் வாக்கில், தூண்டில் இல்லாமலும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறேன். ஹாரிசன் ஆற்றோரத்தில் செத்துக் கரை ஒதுங்கும் சம் மீன்களுக்காக வெண்தலைக் கழுகுகள் ஆயிரக்கணக்கில் கூடும். நாற்றம் குடலைப் புரட்டும். கரடி இழுத்துப் போட்ட மீனின் சத்து கரையோர மரங்கள் வரை போய்ச் சேருவதை, மரத்திலுள்ள நைட்ரஜனை வைத்தே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பிரேசர் கரையின் பூர்வகுடிகளான ஸ்டோலோ மக்கள், பருவத்தின் முதல் சால்மனை ஊரோடு பகிர்ந்து உண்டு, அதன் எலும்புகளை ஆற்றிடமே திருப்பிக் கொடுப்பார்கள்.

எல்லா மழையும் தூண்டில்காரனுக்காகப் பெய்வதில்லை. 2021 நவம்பரில் கொட்டிய மழையில் சில்லிவாக் ஆறு கரைகளை அறுத்துக்கொண்டு போனது. பக்கத்துச் சுமாஸ் சமவெளி, 1924-இல் ஓர் ஏரியை வடித்து விளைநிலமாக்கிய இடம். எல்லை தாண்டி அமெரிக்கப் பக்கத்து நூக்சாக் ஆற்றின் வெள்ளமும் வந்து சேர, மறுபடி ஏரியாகவே நின்றது. சரளைக்குள் அப்போதுதான் முட்டையிட்டிருந்த காலம். கோஹோவுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டு ஆயுசு. அந்த முட்டைகளிலிருந்து வர வேண்டியவை 2024-இல் என்று பாஜி விரல் மடக்கினார். அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டிருந்தது. கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கிய காலம் அது.

இப்போதெல்லாம் துடுப்பு நறுக்கிய கோஹோ ஒன்று லேசாக நிறம் மாறி வந்தாலும் எடுத்துக்கொள்கிறேன். பக்கத்தில் நிற்கும் பையன்கள், "இதையா கொண்டுபோகிறீர்கள், அங்கிள்?" என்று சிரிக்கிறார்கள். பாஜி அதைக் கடலைமாவும் ஓமமும் பிசறிப் பொரித்தெடுப்பார், நிறமாவது ஒன்றாவது. என் மனைவிக்குச் சால்மன்மீது பொதுவாகவே மதிப்பு இல்லை. எண்ணெய் அதிகம், குழம்பில் கொதித்தால் துண்டு நிற்பதில்லை என்பாள். அடுப்பை அணைக்கப் போகும்போது துண்டுகளைப் போட்டு, அகப்பை படாமல் சட்டியை மட்டும் சுழற்றி எடுத்தால் நிற்கிறது என்று அவளே கண்டுபிடித்தாள். புளியும் மிளகாயும் ஏறிய பிறகு அது வெள்ளியாக வந்ததா, சிவந்து வந்ததா என்று சாப்பிட்ட யாரும் இதுவரை கேட்டதில்லை.