காகம் எப்படி 5971கம் ஆனது?

(கொஞ்சம் நுட்பப் பதிவு. யாவா பிடிக்காதவை அடுத்த பதிவு வரை பொறுங்கோ.)

யாவாவின் கண்டிப்பைப் பற்றிப் படிப்பிக்கிற ஆக்கள் நிறையப் புகழுவினம். எண் போடவேண்டிய இடத்தில் ஸ்ரிங்கைப் போட்டால் நிரல் ஓடமுதலே கம்பைலர் மறிச்சுப்போடும். உண்மைதான். ஆனால் பின்கதவு திறந்து கிடக்கு. கூட்டல் குறிக்கு ஒரு பக்கம் ஸ்ரிங் இருந்தால், மற்றப் பக்கம் எண்ணோ வேறெதுவோ, கேள்வியில்லாமல் எழுத்தாக்கி ஒட்டிவிடும்.

தமிழில் எழுதுற எங்களுக்கு இது வேறமாதிரிக் கடிக்கும். இங்கே ஸ்ரௌவ்வில்லில் எனக்குத் தெரிஞ்ச பள்ளிக்கூடப் பெடியன் ஒருத்தன், காலமான அம்மப்பா பாமினியில் தட்டிவைச்ச கடிதங்களை யூனிகோடுக்கு மாற்ற யாவாவில் ஒரு நிரல் எழுதுறான். பாமினிக் கோப்பில் உண்மையில் கிடக்கிறது ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அதைத் தமிழாக் காட்டுது. எஃப் எண்டால் க, எச் எண்டால் அரவு. சரி, இந்த இரண்டு வரியையும் பாருங்கோ (யாவாவில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், தெரியுமோ?):

சொல் = சொல் + 'க' + 'ா';
சொல் += 'க' + 'ா';

முதலாவது "கா" தரும். இரண்டாவது "5971"! ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கிற எழுத்து, கூட்டல் எண்டு வந்தால் யாவாவுக்கு வெறும் எண். க 2965, அரவு 3006. இரண்டாவது வரியில் வலப்பக்கம் முதலில் கூட்டுப்படும். வந்த விடை பிறகு பின்கதவால் ஸ்ரிங்குக்குள் போய்விடும். காகம் 5971கம் ஆகிவிடும். கம்பைலர் வாயே திறக்காது, ஏனெண்டால் வகைப்படி எல்லாம் சரி.

யூனிகோடில் 5971ஆம் இடத்தில் என்ன இருக்கு எண்டும் பார்த்தேன். பிலிப்பைன்ஸின் மிந்தோரோ தீவில் எழுதுற புஹித் எழுத்தின் உகரக் குறி. அதுவும் பிராமி வழிதான், தூரத்துச் சொந்தம் :-)

பைதான் ஸ்ரிங்கையும் எண்ணையும் கூட்டச் சொன்னால் மறுத்துவிடும். அங்கே ஒற்றை எழுத்துக்கெண்டு தனி வகையும் இல்லை. யாவாவை உருவாக்கின ஜேம்ஸ் கோஸ்லிங், கல்கரிக்காரர், குறிகளுக்கு நிரலர்கள் தாங்களே புதுப் பொருள் குடுக்கிறதை வேண்டாமெண்டு விட்டவர். சி++ இல் அதைக் கண்டபடி பாவிச்சதைப் பார்த்த அனுபவம். ஆனால் ஸ்ரிங்குக்கு மட்டும் மொழியே சலுகை குடுத்திட்டுது. திரையில் அச்சடிக்க அது வசதிதான், ஒத்துக்கொள்ளுறன். சேமிச்சு வைக்கிற எழுத்துக்கு அந்த வசதி வேண்டாம்.

ஏனெண்டால் கடிதத்தில் ஆண்டு வரும், காசுக்கணக்கு வரும். எது அம்மப்பா எழுதின எண், எது யாவா கூட்டின எண் எண்டு பிறகு ஆர் பிரிக்கிறது?

பெடியன் இப்ப எல்லாத்தையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டிட்டான். பழைய பாமினிக் கோப்புகளை இன்னும் அழிக்கேல்லை.